புரோஸ்டேட் அழற்சிக்கு என்ன சிகிச்சை? பினாங்கில் நம்மவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் மெக்கானிக், வீடு பிறையில். 39 வயதில் எனக்கு இந்தத் தொந்தரவு வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆட்டி வைத்தது. நான் தேறிய விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, அன்றிலிருந்து கேண்டீனில், கோயிலில், கல்யாண மண்டப வாசலில் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். அப்படிக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். என் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது, அப்புறம் நானாகத் தேடிப் படித்தது, இரண்டும் இதில் இருக்கிறது.

புரோஸ்டேட் எங்கே இருக்கிறது? அதில் அழற்சி என்றால் என்ன?

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. ஆண்களுக்கு மட்டும் உண்டு. விந்தோடு சேரும் திரவத்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. சிறுநீர்க் குழாய் இதன் நடுவே புகுந்து வெளியே வருவதால், இது வீங்கினாலோ புண்பட்டாலோ சிறுநீர் கழிப்பதில் கோளாறு தெரியும்: எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, முழுதாகப் போகாத மாதிரி ஒரு உணர்வு. வலி அடிவயிற்றில், இடுப்பில், விதைப்பையில், விதைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில், ஆண்குறி நுனியில் எங்கு வேண்டுமானாலும் வரலாம். எனக்கு உட்காரும்போது கீழே ஒரு கோலிக்குண்டு வைத்து அழுத்துவது மாதிரி இருந்தது.

வயதானவர்களுக்கு வரும் புரோஸ்டேட் பெருக்கம் வேறு, இது வேறு. அழற்சி 20, 30, 40 வயதுக்காரர்களுக்கும் வரும்.

எல்லாருக்கும் ஒரே நோய்தானா? நண்பர் சாப்பிட்ட மருந்தை நானும் சாப்பிடலாமா?

வேண்டாம். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

இது நான்கு வகை. முதல் வகை, கிருமியால் திடீரென்று வரும் கடும் தொற்று: காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் போக முடியாத நிலை. இரண்டாவது, கிருமி சுரப்பிக்குள் தங்கிக்கொண்டு திரும்பத் திரும்பத் தலைகாட்டும் நாள்பட்ட தொற்று. மூன்றாவது, நாள்பட்ட இடுப்புக்குழி வலி. மூன்று மாதத்துக்கு மேல் வலி இருக்கும், ஆனால் சோதித்தால் கிருமி எதுவும் அகப்படாது. நான்காவது வகையில் தொந்தரவே இருக்காது, வேறு எதற்கோ சோதிக்கும்போது தற்செயலாகத் தெரிய வரும், அதற்குப் பெரும்பாலும் சிகிச்சையும் தேவைப்படாது. இதில் பத்தில் ஒன்பது பேருக்கு இருப்பது மூன்றாவது வகை. ஆனால் பலர் முதலில் வாங்கிச் சாப்பிடுவது இரண்டாவது வகைக்கான மருந்து. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு கிளினிக்கில் எட்டு மாதத்துக்குள் நான்கு முறை ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள், ஒரு முறைகூட சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் பத்து நாள் கொஞ்சம் தேவலை, அப்புறம் பழையபடி. இந்த வகை வலி தானாகவே ஏறி இறங்கும், இறங்கும் நேரத்தில் மருந்து சாப்பிட்டிருந்தால் மருந்துதான் வேலை செய்தது என்று தோன்றும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து சிறுநீர் எரிந்தால், அல்லது சிறுநீர் அடைத்துக்கொண்டால், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

என் மாமா பட்டர்வொர்த்தில் இருக்கிறார், 58 வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர். காய்ச்சல் வந்ததும் வீட்டில் எல்லாரும் டிங்கி (டெங்கு) என்றே முடிவு செய்துவிட்டோம், நம் ஊரில் வேறென்ன தோன்றும். டிங்கி சோதனையில் ஒன்றும் இல்லை, பனடோல் போட்டுப் படுத்தார். மூன்றாம் நாள் ராத்திரி அத்தை போன் பண்ணி, "மத்தியானத்துலருந்து ஒண்ணுக்கே போகலப்பா, வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் மாமா கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அடிவயிற்றில் சின்னத் துளை போட்டு, அது வழியாக டியூப் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள். கடும் அழற்சியில் கீழ்வழியாக டியூப் நுழைப்பது சிரமம் என்றால் இப்படிச் செய்வார்களாம். ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்குப் போயின, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறியது. இரண்டாம் நாள் ஸ்கேனில் சுரப்பிக்குள் சீழ் கட்டியிருப்பது தெரிந்து அதையும் வடித்தார்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்தச் சீழ்க்கட்டி வர வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் மெலியாய்டோசிஸ் என்ற நோய் வருகிறது, அது ஆண்களுக்குப் புரோஸ்டேட்டில் கட்டியாக வந்து உட்காரும். அதற்கு நரம்பு வழி மருந்து வாரக்கணக்கில், அதன்பின் மாத்திரை குறைந்தது 3 மாதம். தோட்ட வேலை, வெள்ளம், சேறு என்று எதிலாவது புழங்கியிருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் எங்கே போவது? செலவு எவ்வளவு ஆகும்?

அவசரம் இல்லையென்றால் பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானே போதும், குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கே சிறுநீர், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியின் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜெனரல் ஆஸ்பத்திரியும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையமும் இருக்கின்றன. தேதி கிடைக்க நாளாகும், அதுதான் ஒரு குறை. தனியாரில் சீக்கிரம் பார்க்கலாம், ஆனால் ஸ்கேன், ரத்தம் என்று சேர்ந்தால் பல நூறு வெள்ளி ஆகிவிடும். கம்பெனி மெடிக்கல் கார்டு இருந்தால் வெளிநோயாளிக்குச் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டாக்டர் என்னென்ன சோதனை செய்வார்? அந்த விரல் சோதனையை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

கூச்சத்தில்தான் நானும் ஐந்து மாதம் தள்ளிப் போட்டேன். பக்கவாட்டில் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள், கையுறையில் ஜெல் தடவி ஒரு விரல், அரை நிமிடம்கூட ஆகாது. சுரப்பி வீங்கியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, சுற்றியுள்ள தசை இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். எனக்குப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். அவர் தசையைத் தொட்ட இடத்தில்தான் அத்தனை நாளும் இருந்த அதே வலி அப்படியே வந்தது.

ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்னால் சிறுநீர்க் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள், முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். நாள்பட்ட தொந்தரவுக்கு இரண்டு குப்பிச் சோதனை என்று ஒன்று உண்டு: சுரப்பியை விரலால் நீவுவதற்கு முன் ஒரு குப்பி, பின் ஒரு குப்பி. முதல் குப்பியில் கிருமி இல்லாமல், அல்லது கொஞ்சமாக இருந்து, இரண்டாவதில் நிறைய இருந்தால் அது புரோஸ்டேட்டிலிருந்து வந்தது. காய்ச்சலோடு கடும் தொற்று இருக்கும்போது மட்டும் சுரப்பியை நீவவே கூடாது, கிருமி ரத்தத்துக்குப் போய்விடும். இன்னொன்று, வலி, சிறுநீர், அன்றாட வாழ்க்கை என்று மூன்று பகுதியாகக் கேள்வி கேட்டு 43க்கு மதிப்பெண் போடும் ஒரு தாள் இருக்கிறது. எனக்கு முதலில் 27 வந்தது. 6 புள்ளி குறைந்தாலே நல்ல முன்னேற்றம் என்கிறார்கள். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல டாக்டர்" என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தத் தாள் ரொம்ப உதவும்.

கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

சாதாரண நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் அளவு போதாது. கடும் தொற்றுக்கு 2 முதல் 4 வாரம், நாள்பட்ட தொற்றுக்கு 4 முதல் 6 வாரம் வரை போகும். காரணம், பெரும்பாலான மருந்துகள் இந்தச் சுரப்பிக்குள் சரியாக நுழைவதில்லை. நன்றாக நுழைவது சிப்ரோஃப்ளாக்சாசின், லெவோஃப்ளாக்சாசின் குடும்பம். டிரைமெத்தோப்ரிம் கலந்த மருந்தும் உள்ளே போகும். நீர்க்கடுப்புக்கு அடிக்கடி தரும் நைட்ரோஃபுரான்டாயின் புரோஸ்டேட்டுக்குள் போவதில்லை. எதைக் கொடுப்பது என்பதைக் கல்ச்சர் முடிவை வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிப்ரோவைப் பாலோடு சாப்பிடக் கூடாது. மைலோ, தே தாரிக் (பால் தேநீர்), வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் மருந்து, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எல்லாமே அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். காலையில் பசியாறும்போது மைலோவும் மாத்திரையுமாக விழுங்கிவிட்டு மருந்து கேட்கவில்லை என்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த மருந்துக் குடும்பம் குதிகால் நரம்பு மாதிரியான தசைநாண்களைப் பாதிக்கலாம், அறுந்துகூடப் போகலாம். கை கால் மரத்துப்போகலாம். இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016லும் 2018லும் இதற்கு எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. குதிகாலில் வலி வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். இதெல்லாம் தேவைப்படுபவர் பயப்படச் சொல்லவில்லை, கிருமி இல்லாதவர் வீணாக இந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கிருமி இல்லை, ஆனால் வலி போகவில்லை. அப்போது என்ன வழி?

வழி இருக்கிறது, அது ஒரே மாத்திரையில் இல்லை. கிருமி இல்லையென்றதும் "ஒன்றும் இல்லை, மனசுதான்" என்று சிலர் அனுப்பிவிடுவார்கள். அதை நம்பாதீர்கள், வலி நிஜம்.

இப்போதைய முறையில் ஆறு கூறாகப் பார்க்கிறார்கள்: சிறுநீர்த் தொந்தரவு, மனநிலை, சுரப்பி, தொற்று, நரம்பு, தசை. ஒருவருக்கு இதில் எதெது இருக்கிறதோ அதற்குத்தான் மருந்து. சிறுநீர் மெதுவாக வந்தால் டாம்சுலோசின் மாதிரியான தளர்த்தும் மாத்திரை. வலிக்கு இபுப்ரோஃபென் போன்றவை கொஞ்ச நாளைக்கு, வயிறும் சிறுநீரகமும் தாங்கினால். நரம்பு வலி போலக் குத்தி எரிந்தால் அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் ராத்திரிக்கு. தூக்கம் கெட்டு, பயம் பிடித்து ஆட்டினால் மனநல ஆலோசனை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு நரம்பும் சுரப்பியும் சும்மா இருந்தன, தசைதான் வினை.

டாம்சுலோசின், சிப்ரோ இரண்டையும் நாள்பட்ட வலிக்காரர்கள் 196 பேருக்கு 6 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004ல் வந்தது. வெற்று மாத்திரையை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. 2008ல் டாம்சுலோசின் மாதிரியே தளர்த்தும் அல்ஃபுசோசின் மருந்தை 272 பேரிடம் சோதித்தார்கள். பத்துமலைப் படிக்கட்டுகளின் எண்ணிக்கையும் 272 என்பதால் எனக்கு அது மறக்கவே இல்லை. 12 வாரம் கழித்து மருந்து சாப்பிட்டவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் இரண்டு பக்கமும் அதே 49.3 சதவீதம் பேருக்குத்தான் குணம் தெரிந்தது. ஆகவே சிறுநீர்த் தொந்தரவு இருந்தால் முயன்று பாருங்கள், வலி மட்டும்தான் என்றால் இதையே நம்பி வருடக்கணக்கில் இருக்காதீர்கள்.

பிசியோதெரபியில் என்ன செய்வார்கள்? கெகல் பயிற்சி செய்யலாமா?

இடுப்புக்குழியின் அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசைத் தளம் இருக்கிறது. கவலை, சிறுநீரை அடக்குவது, நாள் முழுக்க உட்காருவது, இதிலெல்லாம் அது தெரியாமலே இறுகிப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டே தூங்குகிறவருக்குக் காலையில் தாடை வலிப்பது மாதிரி. ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கும் கெகல் பயிற்சி இங்கே வலியைக் கூட்டும். இணையத்தில் பார்த்து நான் ஒரு மாதம் அதைச் செய்து கெடுத்துக்கொண்டேன்.

தேவை தளர்த்தும் பயிற்சி. எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: மல்லாந்து படுத்து, காலை நாற்காலி மேல் மடக்கிப் போட்டு, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறும் அதோடு ஆசனவாய்ப் பக்கமும் கீழே இறங்கி விரிவதாக உணர வேண்டும். முதல் பத்து நாள் எனக்கு ஒன்றுமே புரியவில்லை, வயிறு மட்டும் ஏறி இறங்கியது. பதினோராம் நாளோ என்னவோ, கீழே ஏதோ முடிச்சு அவிழ்வது மாதிரி இருந்தது. அத்தோடு தொடை, பிட்டத் தசைகளை நீட்டும் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் தசையின் வலி முடிச்சுகளை உள்வழியாகவும் அழுத்தித் தளர்த்துவார். எல்லா பிசியோதெரபிஸ்டுக்கும் இது தெரியாது, இடுப்புத்தள சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா, ஆண்களுக்குப் பார்ப்பாரா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நடைப்பயிற்சியும் இதில் சேர்த்தி. 2007ல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், உட்கார்ந்தே இருக்கும் ஆண்களை வாரம் மூன்று முறை என 18 வாரம் வேகமாக நடக்க வைத்தபோது வலி குறைந்தது. நான் இளைஞர் பூங்காவில் ஆரம்பித்தேன்.

டாம்சுலோசின் சாப்பிட்டால் தலை சுற்றுகிறது, விந்து வருவதில்லை. ஆபத்தா?

இரண்டும் இந்த மருந்தின் பக்க விளைவுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள், படுக்கையிலிருந்து சட்டென எழாதீர்கள். விந்து குறைவது ஆபத்தில்லை, நிறுத்தினால் சரியாகும், குழந்தைக்கு முயற்சி செய்பவர் மட்டும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கண்புரை ஆபரேஷன் செய்யப்போகிறவர் இந்த மாத்திரை சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டிருந்தாலும்கூட, கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், ஆபரேஷனின்போது கண் பாவையைச் சுற்றியுள்ள திரை (ஐரிஸ்) தளர்ந்து சிக்கலாகும்.

தோங்கட் அலி (ஆண்மைக்கு என்று விற்கும் மூலிகை வேர்), கோப்பிப் பாக்கெட், நாட்டு மருந்து உதவுமா?

ராத்திரிச் சந்தையில் விற்கும் "ஆண்களுக்கான" கோப்பி எதையும் தொடாதீர்கள். அப்படிப்பட்ட பொருள்களில் வயாகரா வகை மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. டாம்சுலோசினோ நெஞ்சுவலி மாத்திரையோ சாப்பிடுபவருக்கு அது ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென இறக்கிவிடும். மாத்திரை டப்பாவில் MAL என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரை (rye) என்ற தானியப் பயிரின் மகரந்தச் சாறும், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டினும் சிறிய ஆய்வுகளில் சிலருக்கு வலியைக் குறைத்திருக்கின்றன. டாக்டருக்குச் சொல்லிவிட்டு முயலலாம்.

சின்ன வயதுப் பழக்கத்தால், தாது போனதால்தான் வந்ததா? தாம்பத்தியம் கூடாதா?

இல்லை. இதைக் கேட்காத தம்பி ஒருவர்கூட இல்லை, கேட்கும்போது கண்ணைப் பார்க்க மாட்டார்கள். கைப்பழக்கத்தால் இந்த நோய் வருவதில்லை. அந்தப் பயத்தை வளர்த்து லேகியம் விற்பவர்கள்தான் நம் பிள்ளைகளின் பணத்தையும் நிம்மதியையும் தின்கிறார்கள். உறவு கொள்ளத் தடையில்லை. விந்து வெளியேறும்போதோ பின்போ சிலருக்கு வலிக்கும், அப்படியானால் இடைவெளி விடலாம். மூன்றாவது வகை மனைவிக்குத் தொற்றாது. கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றால் வந்திருந்தால் மட்டும் இருவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும்.

மனைவியிடம் சொல்லுங்கள். நான் சொல்லாமல் ஒதுங்கி ஒதுங்கிப் படுத்ததை என் வீட்டுக்காரி வேறு மாதிரி நினைத்து மாதக்கணக்கில் மருகியிருக்கிறாள்.

சாப்பாட்டில் என்ன ஒதுக்க வேண்டும்?

ஆளுக்கு ஆள் மாறும். காரம், மது, கோப்பி மூன்றும் பலருக்குத் தூண்டும். எனக்குச் சம்பல் ஒத்துக்கொண்டது, கோப்பி ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். மலச்சிக்கல் ஆகவே ஆகாது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குப் பினாங்குப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் எங்கேயும் நிறுத்த முடியாது என்ற பயத்தில் நான் வேலைக்குப் போகும்வரை ஒரு மடக்குக்கூடக் குடிக்க மாட்டேன். சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரிந்ததுதான் மிச்சம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், கிளம்பும் முன் ஒரு தடவை போய்விடுங்கள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

வலி கடுமையாக இருக்கும் வாரங்களில் காரோ பஸ்ஸோ நல்லது. சைக்கிளைக் கொஞ்ச நாள் விடுங்கள். உட்கார்ந்து வேலை செய்பவர் முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கட்டும். ராத்திரியில் பெரிய பேசினில் இளஞ்சூட்டு நீர் ஊற்றி 15 நிமிடம் உட்கார்ந்தால் தசை இளகும், காசு செலவில்லாத வைத்தியம்.

பிஎஸ்ஏ அதிகம் என்று ரிசல்ட் வந்திருக்கிறது. புற்றுநோயா?

பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள். அழற்சியிலும் பிஎஸ்ஏ ஏறும், கடும் தொற்றில் பல மடங்கு ஏறும். அழற்சி அடங்கி 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லையென்றால் டாக்டர் மேற்கொண்டு பார்ப்பார், அதைத் தவிர்க்காதீர்கள்.

ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிட்டால் தீராதா?

சீழை வடிப்பது, அடைப்பை நீக்குவது என்றால் சரி. வெறும் வலிக்காகச் சுரப்பியை எடுப்பது தவறு, வலி தசையிலோ நரம்பிலோ இருந்தால் சுரப்பி போனாலும் அது போகாது. கீழே வெளியிலிருந்து கொடுக்கும் மெல்லிய அதிர்வலை சிகிச்சை, அக்குபங்சர் இரண்டிலும் பலருக்கு வலி குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. கைக்காசு இருந்தால், மற்றதெல்லாம் பார்த்த பிறகு.

எத்தனை நாளில் சரியாகும்?

தொற்று என்றால் வாரங்களில். மாமா இப்போது நன்றாக இருக்கிறார், சர்க்கரையையும் ஒழுங்காகப் பார்க்கிறார். மூன்றாவது வகை மாதக்கணக்கில்தான் இறங்கும், நடுவில் ஏறவும் செய்யும். என் மதிப்பெண் தாள் அலமாரியில் இருக்கிறது: 27, மூன்றாம் மாதம் 22, ஆறாம் மாதம் 24, ஒரு வருடத்தில் 11, இப்போது 4. அந்த 24 வந்த வாரம் தொழிற்சாலையில் ஆள்குறைப்புப் பேச்சு ஓடியது, நான் பயிற்சியை விட்டிருந்தேன். அப்போது வலி திரும்பிவிட்டதே என்று ஒடிந்துபோய் உட்கார்ந்த என்னிடம் பிசியோதெரபிஸ்ட், "இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் மட்டும் படுத்து மூச்சு விடுங்க, நாளைக்குப் பேசலாம்" என்றார். அன்றிரவு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை மேலே வைத்துப் படுத்தேன்.